'கெட்' என்ற ஒரு சொல்லைக் கற்க எந்த வழி நல்லது?

பாளையங்கோட்டையில் மாலை நேரத்தில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பட்டதாரிகள். 'ரிசீவ்' என்றால் என்ன என்று கேட்டால் 'பெறுதல்' என்று சட்டென்று சொல்வார்கள். 'பர்ச்சேஸ்', 'அரைவ்', 'அப்டெய்ன்' எதற்கும் தயங்கமாட்டார்கள். ஆனால் 'மழையில் நனைந்துவிட்டேன்', 'அக்காவுக்குப் போன மாதம் கல்யாணம் ஆயிற்று', 'ஏழு மணிக்குத்தான் வீடு வந்து சேர்ந்தேன்' என்ற மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் பேச்சு நின்றுவிடும். இந்த மூன்றுக்கும் ஆங்கிலம் பேசுகிறவர் எடுக்கிற வினைச்சொல் ஒன்றுதான்: கெட். இறந்தகாலத்தில் அது 'காட்' ஆகும். 'ஐ காட் வெட்', 'மை சிஸ்டர் காட் மேரீட் லாஸ்ட் மந்த்', 'ஐ காட் ஹோம் அட் செவன்'. இந்த வாக்கியங்களில் நம் மாணவர்கள் அறியாத சொல் ஒன்றுகூட இல்லை.

இதை அவர்களுடைய குறையாக நான் நினைக்கவில்லை. நம் பள்ளிகளில் ஆங்கிலம் எழுத்து வழியாகவே வந்தது. விண்ணப்பம், கட்டுரை, தலைமையாசிரியருக்கு விடுமுறைக் கடிதம் என்று எழுதிப் பழகினோம். கடிதத்தில் 'கெட்' வந்தால் ஆசிரியர் அதை அடித்துவிட்டு 'ரிசீவ்' என்று திருத்துவார். அலுவலகக் கடிதத்துக்கு அந்தத் திருத்தம் சரியானது. ஆனால் பேச்சில் நொடிக்கொரு முறை வருகிற சொல் இதனால் காதில் விழாமலே போயிற்று. தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பெயர் எடுத்த ஊரில் பட்டம் வாங்கியவர்கள், நேர்முகத் தேர்வில் இவ்வளவு சின்னச் சொல்லுக்காகத் திணறுவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே 'கெட்' ஒன்றையே எடுத்துக்கொண்டு, அதைக் கற்க நமக்கு இருக்கிற வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பஸ் நிலையத்தில் கிடைக்கும் 'முப்பது நாளில் ஆங்கிலம்' வகைப் புத்தகம், ஆங்கிலம்–தமிழ் அகராதி, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு, கைப்பேசி, ஆங்கிலம் கற்போருக்கென்றே எழுதப்பட்ட ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதி என்று ஐந்து வழிகள் இருக்கின்றன. கடைசியாகச் சொன்ன அகராதியை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சேர்த்துப் பயன்படுத்துவதே சிறந்தது என்பது என் முடிவு. ஆனால் எல்லோருக்கும் அதையே சொல்ல மாட்டேன்.

முதலில் சிறு புத்தகம். விலை குறைவு, பைக்குள் அடங்கும், அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வருவதற்குள் நாலு பக்கம் புரட்டிவிடலாம். அதில் 'கெட்' இப்படித்தான் இருக்கும்: கெட் – பெறு, கெட் அப் – எழுந்திரு, கெட் இன் – உள்ளே ஏறு, கெட் ஆன் – ஏறு, கெட் அவுட் – வெளியே போ. மனப்பாடம் செய்வதற்கு இது போதும். நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் கைவந்த கலை. அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'கெட்' என்றால் 'பெறு' என்று மனத்தில் பதிந்துவிட்டால், தமிழில் 'பெறு' வராத இடங்களில் 'கெட்' நினைவுக்கே வராது. காய்ச்சல் வந்தது என்றுதான் நாம் சொல்வோம்; காய்ச்சல் பெற்றேன் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் 'ஐ காட் எ ஃபீவர்' என்று வரவேண்டிய இடத்தில் 'ஃபீவர் கேம் டு மி' என்று வருகிறது. இருட்டுவதைப் பெறுவது என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆகவே 'இட்ஸ் கெட்டிங் டார்க்' என்ற வாக்கியம் வாயில் வருவதே இல்லை.

இந்த வகைப் புத்தகங்களில் இறங்கு என்பதற்கு 'கெட் டவுன்' என்று போட்டிருப்பார்கள். வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது 'ஐ வில் கெட் டவுன் ஹியர்' என்று சொன்னால் இந்தியா முழுவதும் புரியும். இந்திய ஆங்கிலத்தில் அது நிலைத்துவிட்ட வழக்கு. ஆனால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குக் 'கெட் ஆஃப்' என்றுதான் சொல்வார்கள். அங்கே 'கெட் டவுன்' என்றால் உயரமான இடத்திலிருந்து கீழே இறங்கு, அல்லது குனிந்துகொள் என்று பொருள்படும். வெளிநாட்டுத் தேர்வு எழுதுகிறவர் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். எழுந்து நின்று உள்ளே நடக்கக்கூடிய பஸ், ரயில், விமானம் என்றால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. குனிந்து ஏறி உட்கார்ந்துகொள்கிற கார், ஆட்டோ என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட் ஆஃப்'. இந்த எளிய விதியைச் சிறு புத்தகங்கள் சொல்வதில்லை.

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளில் சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட சொற்களஞ்சியத்துக்கு என் மனத்தில் தனி மரியாதை உண்டு. ஆங்கிலத்தில் எதையாவது படிக்கும்போது ஒரு சொல் தடுக்கினால் அதைத் திறந்தால் போதும். சட்டம், அறிவியல், தாவரம் என்று எந்தத் துறைச் சொல்லுக்கும் நல்ல தமிழ் கிடைக்கும். ஆனால் 'கெட்' போன்ற சொல்லுக்கு அது தரும் உதவி வேறு வகையானது. தமிழ் வினைகள் வரிசையாக நிற்கும்: பெறு, அடை, ஈட்டு, வாங்கு, ஆகு, சேர் என்று இந்தப் போக்கில். படிக்கிறவர் அந்த வரிசையில் பொருந்துகிற ஒன்றைப் பொறுக்கிக்கொள்வார். வாக்கியம்தான் ஏற்கெனவே கண்முன் இருக்கிறதே. பேச வேண்டியவருக்கு வாக்கியம் இல்லை; அவர்தான் அதைக் கட்ட வேண்டும். எந்தப் பொருளுக்கு எந்த அமைப்பு என்று அந்த வரிசை சொல்லாது. எனவே வாசிப்புக்கு அந்த அகராதி, பேச்சுக்கு வேறு.

வகுப்புகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் பணம் அதிகம் செலவாவது அங்கேதான். ஜங்ஷன், வண்ணார்பேட்டை, டவுன், பேட்டை எங்கே பார்த்தாலும் ஸ்போக்கன் இங்கிலீஷ் பலகைகள் தொங்குகின்றன. வகுப்பால் கிடைக்கும் ஒரு பயனை எந்தப் புத்தகமும் தராது: கூச்சம் போகும். குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்த பெண், நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவள், பத்துப் பேர் நடுவில் வாய் திறந்து ஒரு ஆங்கில வாக்கியம் சொல்வது பெரிய காரியம். தவறாகச் சொன்னாலும் யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்தால் அடுத்த நாள் இரண்டு வாக்கியம் சொல்வாள். அந்தத் துணிச்சலுக்காக மட்டுமே வகுப்புக்குப் போகலாம் என்று நான் சொல்வேன்.

ஆனால் துணிச்சல் வந்தபின் என்ன பேசுவது என்பது இன்னொரு கேள்வி. என்னிடம் வந்த ஒரு மாணவர், அதற்கு முன் ஒரு பயிற்சி நிலையத்தில் மூன்று மாதக் கட்டணம் கட்டியிருந்தார். அங்கே கொடுத்த ஜெராக்ஸ் தாள்களைக் காட்டினார். கடையில், வங்கியில், ரயில் நிலையத்தில் என்று உரையாடல்கள். அவற்றை அப்படியே ஒப்பிக்க வேண்டும். அவருக்கு எல்லாம் வரிக்கு வரி மனப்பாடம். 'ஃபேனை ரிப்பேர் பார்க்கக் கொடுத்து வாங்கினேன்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றேன். 'ஐ ரிப்பேர்ட் தி ஃபேன்' என்றார். அப்படிச் சொன்னால் அவரே திருப்புளி எடுத்துச் சரிசெய்தார் என்று பொருள். கடைக்காரர் சரிசெய்தார் என்றால் 'ஐ காட் தி ஃபேன் ரிப்பேர்ட்'. தமிழில் 'வீடு கட்டினேன்', 'முடி வெட்டினேன்' என்றால் கொத்தனாரும் முடிதிருத்துபவரும் அதற்குள்ளேயே இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அவர்களைக் 'கெட்' கொண்டு உள்ளே அழைத்து வர வேண்டும். 'ஐ காட் மை ஹேர் கட்'. இந்த ஓர் அமைப்பைச் சொல்லிக் கொடுக்கிற வகுப்பா இல்லையா என்பதை வைத்தே அதன் தரத்தைக் கணித்துவிடலாம். சேருவதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் மாணவர் ஒவ்வொருவரும் சொந்தமாக எத்தனை வாக்கியம் சொன்னார்கள் என்று கவனியுங்கள். ஆசிரியர் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பணத்துக்கு வேறு செலவு இருக்கிறது.

கைப்பேசியை விரைவாகக் கடந்துவிடலாம். கூகுள் மொழிபெயர்ப்பில் 2011 முதல் தமிழ் இருக்கிறது. இப்போது நன்றாகவே மேம்பட்டிருக்கிறது. 'கெட்' என்று ஒற்றைச் சொல்லாகக் கொடுத்துப் பொருள் தேடினால் சிறு புத்தகத்தின் நிலைதான். முழு வாக்கியமாகக் கொடுத்தால் பயன் உண்டு. நாம் எழுதிய ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்து, தமிழில் நாம் நினைத்த பொருள் திரும்பி வருகிறதா என்று சரிபார்க்க அதை வைத்துக்கொள்ளலாம். காணொளிகள் கேட்கும் பழக்கத்துக்கு உதவும். ஆனால் பார்த்துக்கொண்டே போனால் மறுநாள் ஒன்றும் தங்குவதில்லை.

இனி ஐந்தாவது வழிக்கு வருகிறேன். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கென்றே தனி அகராதி வேண்டும் என்ற எண்ணம் நம் துணைக்கண்டத்திலும் ஜப்பானிலும் பாடம் நடத்தியவர்களிடமிருந்து பிறந்தது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1935-இல் ஓர் அகராதியை வெளியிட்டார். அதில் உள்ள ஏறக்குறைய 24,000 பதிவுகளுக்கும் 1,490 எளிய சொற்களை மட்டுமே கொண்டு விளக்கம் எழுதப்பட்டிருந்தது. கடினமான சொல்லுக்கு அதைவிடக் கடினமான சொல்லால் விளக்கம் சொல்லும் கொடுமை அதோடு ஒழிந்தது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி தம் நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கிய அகராதி 1942-இல் டோக்கியோவில் அச்சானது. அதை ஆக்ஸ்ஃபோர்டு 1948-இல் மறுபடி வெளியிட்டது. ஒரு வினைச்சொல்லுக்குப் பின் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்ற அமைப்புகளை ஒழுங்குபடுத்திக் கொடுத்தது அதன் பெரிய கொடை. அந்த வரிசையில் வந்ததுதான் இன்று கடைகளில் தடிமனாகக் கிடைக்கிற ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி. 1987-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் கோபில்ட் அகராதி வந்தது. மக்கள் உண்மையாகவே எழுதிய, பேசிய ஆங்கிலத்தைக் கணினியில் திரட்டி, அதிலிருந்து பொருள் பிரித்து, முழு வாக்கியமாகவே விளக்கம் சொன்னது அது.

கோபில்டின் பிற்காலப் பதிப்புகளில் 'கெட்' பதிவைத் திறந்து பார்த்தால் எனக்கு எப்போதும் மனம் நிறையும். அதை மூன்று பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். மாறுதல், செய்வித்தல், நகர்தல், சென்றடைதல் என்பது முதல் பகுதி. பெறுதல், கிடைத்தல், தொற்றுதல் இரண்டாம் பகுதி. 'அப்', 'ஓவர்' போன்றவை ஒட்டிவரும் தொடர்கள் மூன்றாம் பகுதி. நாம் முதலாவதாகவும் பெரும்பாலும் ஒரே பொருளாகவும் படித்த 'பெறு', அங்கே இரண்டாம் இடத்தில்தான் நிற்கிறது.

இந்த அகராதிகளைப் படிக்கத் தனி முறை வேண்டும். பொருளை மட்டும் பார்த்து மூடிவிட்டால் பாதிப் பணம் வீண். 'கெட்'டுக்கு வலப்பக்கம் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதில்தான் பொருள் தீர்மானமாகிறது.

வலப்பக்கம் ஒரு பொருள் நின்றால் கிடைத்தல், வாங்குதல், கொண்டு வருதல், நோய் வருதல். 'ஷி காட் எ ஜாப்' வேலை கிடைத்தது. 'கெட் மி சம் வாட்டர்' கொஞ்சம் தண்ணீர் கொண்டு வா. வலப்பக்கம் பெயரடை நின்றால் ஆதல்: 'இட்ஸ் கெட்டிங் லேட்' நேரமாகிறது, 'கெட் ரெடி' தயாராகு. இடம் நின்றால் போய்ச் சேர்தல்: 'தி ட்ரெய்ன் கெட்ஸ் டு எக்மோர் இன் தி மார்னிங்', நெல்லை எக்ஸ்பிரஸ் காலையில் எழும்பூர் போய்ச் சேரும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' மூன்றுக்கும் முன் 'டு' வராது. 'கெட் டு ஹோம்' என்று நம்மவர்கள் சொல்வதை நாள்தோறும் கேட்கிறேன். 'கெட் ஹோம்' என்பதே சரி.

'ஹர்ட்', 'ஸ்டக்', 'மேரீட்' போன்ற வினையின் மூன்றாம் வடிவம் நின்றால் நம் 'படு', 'ஆகு' போன்றது: 'ஹி காட் ஹர்ட்' அடிபட்டான். கல்யாண விஷயத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். 'ஷி இஸ் மேரீட்' என்றால் கல்யாணம் ஆனவள், அது நிலை. 'ஷி காட் மேரீட் லாஸ்ட் மந்த்' என்றால் போன மாதம் கல்யாணம் ஆயிற்று, அது நிகழ்ச்சி. நிகழ்ச்சியைச் சொல்லும் இடத்தில் 'ஷி இஸ் மேரீட் லாஸ்ட் மந்த்' என்று நம்மவர்கள் சொல்வது 'கெட்' கைவசம் இல்லாததால் வருகிற பிழை.

ஆளும் அவருக்குப் பின் 'டு'வும் நின்றால் ஒருவரைச் செய்ய வைத்தல்: 'ஐ காட் ஹிம் டு சைன்'. பேசி, கெஞ்சி, சம்மதிக்க வைத்துக் கையெழுத்து வாங்கினேன் என்ற சாயல் இதில் இருக்கிறது. 'ஐ மேட் ஹிம் சைன்' என்றால் கட்டாயப்படுத்தினேன் என்று ஆகிவிடும். அங்கே 'டு' கிடையாது. வேலையிடத்தில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். மேலதிகாரியிடம் சொல்லும்போது ஒன்றுக்கு மற்றொன்று வந்துவிட்டால் சொன்னவர் முரட்டு ஆளாகத் தெரிவார். இறுதியாக, 'ஹேவ் காட்' என்று வந்தால் பெறுதலே இல்லை. 'ஐ ஹேவ் காட் எ பைக்' என்றால் என்னிடம் பைக் இருக்கிறது, அவ்வளவுதான்.

இத்தனை அமைப்புகளையும் அகராதியிலேயே பார்க்க முடியும். ஆனால் பார்த்தது நாக்கில் ஏற வேண்டுமே, அதற்குத்தான் நோட்டு. இடப்பக்கத்தில் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு தமிழ் வாக்கியம், வலப்பக்கத்தில் அதற்கு நேராக ஆங்கில வாக்கியம். சொல்லுக்குச் சொல் எழுதக் கூடாது. முழு வாக்கியத்துக்கு முழு வாக்கியம். பாளையங்கோட்டையில் நர்சிங் படிக்கிற ஒரு மாணவியின் நோட்டிலிருந்து சில வரிகளை அவர் சம்மதத்தோடு இங்கே தருகிறேன்:

டவுனில் வரிசையில் நின்றும் அல்வா கிடைக்கவில்லை – வி டிடின்ட் கெட் எனி அல்வா.
குற்றாலத்தில் சாரலில் நனைந்துவிட்டோம் – வி காட் வெட் இன் தி ட்ரிஸ்ல்.
பாட்டிக்கு உடம்பு தேறிவருகிறது – கிராண்ட்மா இஸ் கெட்டிங் பெட்டர்.
நோயாளியைக் கட்டிலிலிருந்து எழுந்திருக்க வைத்தேன் – ஐ காட் தி பேஷன்ட் டு கெட் அவுட் ஆஃப் பெட்.
எனக்கு ஊசி போட்டார்கள் – ஐ காட் அன் இன்ஜெக்‌ஷன்.
எனக்குப் புரியவில்லை – ஐ டோன்ட் கெட் இட்.

நாலாவது வரியில் 'கெட்' இரண்டு முறை, இரண்டு வேலை செய்கிறது. அதைத் தானாக எழுதிவிட்டு, "டீச்சர், இது சரிதானா? ஒரே வாக்கியத்தில் இரண்டு வரலாமா?" என்று கேட்டார். தாராளமாக வரலாம். இந்தக் கேள்வி மனப்பாடம் செய்தவரிடமிருந்து வராது.

இந்த நோட்டைத் தொடர்ந்து வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஒழுங்கு தானாகப் புலப்படும். இடப்பக்கத்தைப் பாருங்கள்: எனக்கு வேலை கிடைத்தது, எனக்குக் காய்ச்சல் வந்தது, எனக்குப் புரிந்தது, எனக்குக் கோபம் வந்தது, அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. ஆளுக்குப் பின் 'கு' உருபு நிற்கிறது. ஏதோ ஒன்று அவருக்கு வருகிறது, கிடைக்கிறது, ஆகிறது. வலப்பக்கத்தில் அந்த ஆள் எழுவாயாக முன்னால் வந்து நிற்கிறார், அவருக்கு அடுத்து 'கெட்': ஐ காட் எ ஜாப், ஐ காட் எ ஃபீவர், ஐ காட் இட், ஐ காட் ஆங்க்ரி, ஷி காட் மேரீட். நான்காம் வேற்றுமையில் நாம் சொல்கிற வாக்கியங்களில் பல ஆங்கிலத்தில் 'கெட்' வழியாகத்தான் போகின்றன. எல்லாம் அல்ல, 'எனக்குப் பசிக்கிறது' என்பதற்கு 'ஐ ஆம் ஹங்ரி'தான் வழக்கம், 'எனக்குப் பிடிக்கும்' என்பதற்கு 'ஐ லைக்'. ஆனாலும் தமிழர் ஒருவருக்கு 'கெட்'டின் கதவைத் திறந்துவிட இதைவிட நல்ல சாவி எனக்குத் தெரியவில்லை. ஜப்பானியருக்கும் அரேபியருக்கும் சேர்த்து எழுதப்பட்ட அகராதி இதைச் சொல்லாது. ஆங்கிலம்–தமிழ் அகராதியின் பொருள் வரிசையிலும் இது தெரியாது. இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கிறவருக்கு மட்டுமே தெரியும். இடப்பக்கத்துக்குத் தமிழ் வாக்கியம் தேடும்போது, 1992-இல் வெளிவந்து பின்னர் திருத்தி விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் 'கிடை', 'ஆகு', 'வா' பதிவுகளைப் பார்ப்பது பெரிய உதவி. இன்றைய தமிழில் அந்த வினைகள் வருகிற வாக்கியங்கள் அங்கே எடுத்துக்காட்டாக இருக்கின்றன.

நம் மண்ணில் இதற்கு நேர்மாறான ஒரு முன்னுதாரணமும் உண்டு. 1841-இல் சென்னையிலிருந்து நீலகிரி வழியாக நடந்தே வந்து இடையன்குடியில் தங்கிய வெளிநாட்டுப் பாதிரியார் கால்டுவெல், தமிழைப் பிற திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு 1856-இல் இலக்கணம் எழுதினார். வழிநெடுக மக்களோடு பழகிக்கொண்டு வந்தவர் அவர். ஒரு மொழியின் சின்ன வினைகள் அதைப் பேசுகிற மனிதர்களின் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்றால், ஆங்கிலம் பேசுவோர் அருகில் இல்லாத நாம் என்ன செய்வது? இணையத்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்று அகராதிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. சொல்லைத் தொட்டால் உச்சரிப்பும் கேட்கும். எடுத்துக்காட்டு வாக்கியங்களை வாய்விட்டுப் படித்தால் பாதி வேலை முடிந்தது.

இந்த வழியின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது, விளக்கத்தைப் படிக்கவே ஓரளவு ஆங்கிலம் வேண்டும். எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் தடுமாறுகிறவருக்கு இது சுவர்போல நிற்கும். இரண்டாவது, 'கெட்' பதிவு பல பத்திகளாக நீளும். தனியாக உட்கார்ந்து படிக்கப் பொறுமை வேண்டும். மூன்றாவது, திருத்திச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் நோட்டில் பிழை உறைந்துவிடும். வாரத்துக்கு ஒரு முறையாவது யாரிடமாவது காட்ட வேண்டும்: பக்கத்து வீட்டு ஆசிரியர், கல்லூரியில் படிக்கும் அண்ணன், அக்கா, யாராக இருந்தாலும் சரி.

அப்படியானால் யாருக்கு எது? வங்கி, ரயில்வே, எஸ்எஸ்சி போன்ற போட்டித் தேர்வுகளின் எழுத்துத் தேர்வுக்குப் படிக்கிறவர் பேசத் தேவையில்லை. பிழை கண்டுபிடிக்க வேண்டும், கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். அவருக்கு லேர்னர்ஸ் அகராதியும் பழைய வினாத்தாள்களும் போதும். மாதக்கணக்கில் வகுப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டாம். நர்சிங் முடித்து வெளிநாடு போகிறவர், ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவர், மென்பொருள் நிறுவன நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் ஆகியோருக்கு நோட்டும் வகுப்பும் இரண்டும் வேண்டும். நோட்டில் எழுதியதை வகுப்பில் பேச வேண்டும். வகுப்பில் கேட்டதை நோட்டில் எழுத வேண்டும். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அகராதியை வாங்கிக்கொண்டு, இரண்டு தோழிகளைச் சேர்த்துக்கொண்டு மொட்டைமாடியில் பேசிப் பழகுங்கள் என்பேன். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தின் வாசிப்பு அறைக்கும் போகலாம். செலவில்லாமல் உட்கார்ந்து படிக்க நல்ல இடம்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க விரும்பும் அம்மாக்களுக்கு அகராதி வேண்டாம். வீட்டு வேலையோடு வேலையாக 'கெட் அப்', 'கெட் ரெடி', 'கெட் யுவர் பேக்', 'கெட் மி தி சால்ட்' என்று நாலு வாக்கியத்தை வாயால் சொன்னாலே போதும். பிள்ளை எழுத்தைப் பார்ப்பதற்கு முன் காதால் பிடித்துக்கொள்ளும். தங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று ஒதுங்கிக்கொள்கிற அம்மாக்களை நான் விடுவதில்லை. இந்த நாலு வாக்கியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

'கெட்' கைக்கு வந்தபின் எல்லா வினைச்சொல்லுக்கும் இதே வழியில் போக வேண்டும் என்று நினைக்க வேண்டாம். 'டேக்' என்பதற்கு நம் 'எடு' பெரும்பாலும் கைகொடுக்கிறது: போட்டோ எடு, லீவு எடு, ஓய்வு எடு எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'டேக்'தான். அதற்குச் சிறு புத்தகமே போதும். 'டேக் ஆஃப்', 'டேக் ஆஃப்டர்' போன்ற சிலவற்றை மட்டும் அகராதியில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் 'மேக்', 'டூ' இரண்டுக்கும் பட்டியல்கள் 'செய்' என்ற ஒரே பொருளைத்தான் தருகின்றன. எங்கே எது என்று அவை சொல்வதில்லை. அங்கே மறுபடியும் தடித்த அகராதியைத் திறந்து, நோட்டில் புதுப் பக்கம் போட வேண்டும்.